மகளின் ஒழுக்கமும் ஒரு தடுப்பூசியும்

“எங்கள் பிள்ளை ஒழுக்கமாக வளர்ந்தவள்; அவளுக்கு எதற்கு இந்த ஊசி?” என்று வினவும் தந்தையரைக் காண்கிறோம். அவர்களுக்கே இதை எழுதுகிறோம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. எனும் வைரஸ். ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹாவுசன் 1983, 1984இல் அதன் 16, 18ஆம் வகைகளை இப்புற்றுக்கட்டிகளில் கண்டறிந்தார். உலகில் இந்நோயின் ஏறத்தாழ 70 விழுக்காடு இவ்விரண்டால் வருவது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவ்வைரஸ் பெண்ணின் கற்பை விசாரித்து வருவதில்லை. கணவன் என்றோ பெற்ற தொற்றைத் தானும் அறியாமல் மனைவிக்குத் தரக்கூடும். மருமகனின் கடந்த காலத்திற்கு எந்தத் தந்தை பிணை நிற்பார்? (மஹல்லாவில் நன்கு விசாரித்தோம் என்பீர்கள். வைரஸையுமா?)

தொற்றுக்கு முன்னர் போட்டால்தான் முழுப்பயன். ஆதலால்தான் 9 முதல் 14 வயது. ஊசி போட்டவளுக்கும் பின்னாளில் பரிசோதனை தேவை. அதற்கும் இப்போதே தடை சொல்லிவிடாதீர்கள்.