பலியில் இரத்தம் எங்கே?



கலும்பாங் வட்டாரத் தோட்டப்புறத்தில் வளரும் பிள்ளைக்குப் ‘பலி’ என்றதும் முனியாண்டி கோயில் கிடாவெட்டே நினைவுக்கு வரும். கத்தோலிக்கர் தம் வழிபாட்டைத் ‘திருப்பலி’ என்பது அப்பிள்ளைக்கு வியப்பளிக்கும். அங்கே கத்தியில்லை, கோதுமை அப்பமும் திராட்சை இரசமுமே உண்டு.

திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம் 1562இல் இதனைத் தெளிவுபடுத்திற்று: சிலுவையில் இரத்தம் சிந்தித் தம்மைக் கையளித்த அதே கிறிஸ்துவே, பீடத்தில் இரத்தம் சிந்தா முறையில் ஒப்புக்கொடுக்கப்படுகிறார். இது மற்றுமொரு கொலையன்று. கல்வாரியில் ஒரே முறை நிகழ்ந்த பலியே ஈண்டு முன்னிலையாகிறது.

இரத்தமில்லை என்பதால் இழப்பே இல்லை என்றாகாது. அப்பத்தோடு தம் உழைப்பையும் துயரையும் படைப்பவரே இதில் முழுமையாகப் பங்குகொள்கிறார்.

அண்டை வீட்டார் நேர்த்திக்கடனை இகழ்வதற்காக இவ்வேறுபாட்டைக் கற்பிக்க வேண்டா. தன்னையே தருவதுதான் பலி என்பதை உணர்த்தவே கற்பிப்போம்.