ஒரே நிலவு, இரு நாட்காட்டிகள்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் காகித விளக்குகளையும் மூன்கேக் பற்றிய கேள்விகளையும் சுமந்துகொண்டு பள்ளியிலிருந்து திரும்புகிறார்கள். "அது நம்முடையதன்று" என்று பேச்சை அத்தோடு முடித்துவிடும் பெற்றோர் நம்மில் பலர். மார்க்கப் பேணுதலே இதற்குக் காரணம் என்பதை நாம் அறிவோம். ஆயினும், மக்கள் பல சமூகங்களாகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் ஓதுகிற நாம், அறிந்துகொள்ளும் வாசலையே அடைப்பது முறையன்று.

பிள்ளையிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. சீனர்களின் நடு இலையுதிர்கால விழா அவர்களுடைய எட்டாம் மாதத்தின் 15ஆம் நாளில் வருகிறது. அவர்களுடைய மாதமும் ஹிஜ்ரி மாதத்தைப் போலவே நிலவைக் கொண்டு கணக்கிடப்படுவது. ஆகவே அவர்கள் முழுநிலவைக் கொண்டாடும் இரவு, நாம் அய்யாமுல் பீள் நோன்பு நோற்கும் 13, 14, 15ஆம் நாள்களை ஒட்டியே அமைகிறது. அப்படியானால் அவர்கள் விழா இலையுதிர்காலத்தை விட்டு நகராதிருக்க, நம் பெருநாள் மட்டும் வெயிலிலும் மழையிலும் மாறி மாறி வருவது ஏன்? கூர்மையான பிள்ளை இதைக் கேட்காமல் விடாது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. சீனர்கள் 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்து அதை ஈடுசெய்கிறார்கள். அறியாமைக் கால அரபிகளிடமும் மாதங்களைத் தள்ளிவைக்கும் வழக்கம் இருந்தது. அத்தவ்பா அத்தியாயத்தின் 37ஆம் வசனம் அதைக் கண்டித்தது. நாம் மாதம் எதையும் கூட்டுவதில்லை. ஆதலால் ரமளான் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. அடுத்தவர் விழாவைப் பற்றிக் கேட்கப்போய்ப் பிள்ளை தன் நாட்காட்டியையே கற்றுக்கொள்கிறது!

கொரியாவில் அதே நாள் சுசோக் எனப்படுகிறது. அரிசி மாவில் எள், பயறு, தேன் முதலியவற்றைப் பூரணமாக வைத்து, பைன் மரத்தின் ஊசியிலைகளைப் பரப்பி அவித்தெடுக்கும் சொங்ப்யொன், நம் வீட்டுக் கொழுக்கட்டைக்கு நெருங்கிய உறவுதான். கொரியர் பலர் அன்று முன்னோருக்கு உணவு படைத்து வணங்குவர். அவர்களுடைய கல்லறைகளுக்கும் சென்று வருவர். இந்த இடத்தில் நாம் சற்று நின்று பேச வேண்டும். கப்ர் ஜியாரத் நமக்கும் உண்டு. மறைந்தவர்களுக்காக அல்லாஹ்விடம் துஆச் செய்கிறோம். அவர்களுக்குப் படைப்பதில்லை, அவர்களை வணங்குவதில்லை. இவ்வேறுபாட்டை ஏழு வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். "எல்லாம் கலாசாரம்தானே" என்று வழிபாட்டுச் சடங்கிலும் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவோரோடு நமக்கு உடன்பாடில்லை. அது நம் ஈமானுக்கு ஒவ்வாதது. அவர்களுடைய வழிபாட்டை வேடிக்கையாக எண்ணும் மரியாதைக் குறைவும்கூட.

மூன்கேக்கைப் பொறுத்தவரை, பழைய செய்முறையில் பன்றிக் கொழுப்பு சேர்வதுண்டு. ஹலால் முத்திரை பெற்றவையும் அவ்விரு நாடுகளின் கடைகளில் கிடைக்கின்றன. பெட்டியைத் திருப்பி முத்திரையைத் தேடும் வேலையைப் பிள்ளையிடமே கொடுக்கலாம். அண்டை வீட்டார் அன்போடு நீட்டும் பெட்டியில் அது இல்லையெனில், நன்றி கூறி, காரணத்தைப் பணிவாகச் சொல்லும் விதத்தையும் அப்போதே பழக்கிவிடலாம்.