சுவாசக் கருவியும் ஒரு வாய்க் கஞ்சியும்

2018ஆம் ஆண்டில் நம் கடலூர் மாவட்டத்துத் தந்தையொருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். பிறப்பிலேயே மூளை பழுதுற்று, ஓயாத வலிப்பால் வாடிய ஒன்பது வயது மகனுக்கு உணவும் மருந்தும் நிறுத்த அனுமதி வேண்டினார். மருத்துவர் குழுவின் ஆய்வுக்குப் பின் நீதிமன்றம் இசையவில்லை.

அதே ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நிலைமை நேர்மாறு. ஆல்ஃபி எவான்ஸ் என்னும் குழந்தையின் சுவாசக் கருவியை நிறுத்த மருத்துவர் முனைந்தனர், பெற்றோர் தடுத்தனர். தந்தை உரோமைக்கே விரைந்து பாப்பரசர் பிரான்சிசைக் கண்டார். எனினும் வழக்கில் தோற்றனர். ஏப்ரல் 28இல் குழந்தை இறந்தது.

தாங்கொணாச் சுமையாகும் சிகிச்சையைத் தொடரக் கடமையில்லையென 1957இலேயே பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் போதித்தார். ஆதலின், இனிப் பயனில்லை என்று மருத்துவர் கூறியபின், சிதம்பரத்து மருத்துவமனையொன்றில் கருவியை அகற்ற இசையும் பெற்றோரைக் கொலைகாரர் என ஏசுவது அறியாமை. ஏசுவோர் அந்தத் தாழ்வாரத்தில் ஓரிரவும் விழித்திருந்தவரல்லர். உணவும் நீரும் வேறு; உடல் ஏற்கும்வரை அவை நோயாளிக்கு உரியவை என உரோமை 2020இல் மீண்டும் உரைத்தது.

ஆயினும் அக்கடலூர்த் தந்தையைக் குறைகூற நாம் துணியோம். நம் பங்கொன்றில் அத்தகைய பிள்ளையின் தாய், மரியாயின் சேனையார் சந்திக்கச் சென்றபோது பணம் கேட்கவில்லை. தாம் சற்றே உறங்கியெழும்வரை பிள்ளையருகே அமர்ந்திருக்கக் கேட்டார்.