கிழக்குத் தாம்பரத்தின் எண்

தாம்பரம் ரயில் நிலையத்துக்கு மேற்கே வசிப்போர் தங்கள் விலாசத்தின் கீழ் 600045 என்றும், கிழக்கே வசிப்போர் 600059 என்றும், 1972ஆம் ஆண்டு சுதந்திர தினத்தன்று அஞ்சல் துறை ஏற்படுத்திய பின்கோடு முறையை அனுசரித்து எழுதுகிறார்கள். பதினான்கே வித்தியாசமுள்ள இவ்விரண்டு எண்களும் குணத்தில் எத்துணை வேறுபட்டவை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் வழக்கம் நம் பள்ளிகளில் வேரூன்றவில்லை என்பது என் மனக்குறை.

மேற்கின் எண் எளிதில் பிரிகிறது. ஐந்தில் முடிவதால் 5, இலக்கங்களின் கூட்டுத்தொகை 15 ஆதலால் 3, மேலும் சிறிது முயன்றால் 109, 367 என நான்கு பகா எண்களின் பெருக்கமாக அது நிற்கிறது. கிழக்கின் எண்ணோ லேசில் பிடிகொடுப்பதன்று. 19ஆல் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறது. 137ஆல் வகுக்கப் புகுந்தால் ஒன்று குறைகிறது. பகா எண்களை வரிசையாக எடுத்து நூறு எண்களைச் சோதித்தும் பயனின்றி, இது பகா எண்ணே என்று மனம் தீர்மானிக்க முற்படும் தறுவாயில், நூற்றோராவதான 547 மீதியின்றி வகுத்து, 1097 என்னும் மற்றொரு பகா எண்ணை ஈவாகத் தருகிறது.

இவ்விரண்டையும் பெருக்க ஒரு நிமிஷம் போதும். பெருக்கி வந்ததைக் கையால் பிரிக்க ஒரு பொழுது முழுவதும் வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வையே ஆதாரமாகக் கொண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர் 1977இல் வகுத்த ரகசியக் குறியீட்டு முறை, 600க்கும் அதிகமான இலக்கங்கள் கொண்ட எண்களின் துணையால், இணையத்தில் செல்லும் செய்திகளை இன்றளவும் காத்து வருகிறது. இதற்கு நேர்மாறாக, வகுத்திகள் மிகுந்த எண்களை ஆராய்ந்து ராமாநுஜன் 1915இல் வெளியிட்ட கட்டுரையின் பட்டியலில் காணும் 6746328388800 என்ற எண்ணுக்கு 10080 வகுத்திகள் உண்டு. கிழக்குத் தாம்பரத்தின் எண்ணுக்கோ ஒன்றையும் தன்னையும் சேர்த்து நான்கே.

கைபேசி கணப்பொழுதில் சொல்லிவிடுவதற்கு இத்தனை பிரயாசை எதற்கு என்று கேட்கலாம். விடை மட்டுமே கல்வியாகுமானால் அக்கேள்வி நியாயமே. ஆனால் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு மூன்று பகா எண்களைப் பங்கிட்டுக் கொடுத்தால், ஒரு பிற்பகலில் 547 யாரேனும் ஒரு பிள்ளையின் கையில் அகப்படும். வகுபடவில்லை என்று கண்டறிந்த மற்றவர்களும் தேடலின் எல்லையைச் சுருக்கியவர்களே என்பதையும், சலியாத சோதனையே சாஸ்திரத்தின் ஜீவன் என்பதையும் அவர்கள் அநுபவத்தால் உணர்வார்கள்.

தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகமும் அமையப் பெற்ற, சென்னையின் இத்தென்பகுதியில், அந்த வாயில்களை எட்டும் ஆசை சாமானியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பிறக்க வேண்டுமானால், பாடத்திட்டம் மாறட்டும் என்று காத்திராமல், ஒவ்வோர் ஆசிரியரும் தம் பள்ளியின் பின்கோடு எண்ணை நாளையே கரும்பலகையில் எழுதித் தொடங்கலாம். அதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.