உளி யாருக்குச் சொந்தம்?

என் அப்பா தச்சர். சென்ற ஆண்டு அவர் இறந்தபோது எனக்கென்று விட்டுப்போனது ஒரு மரப்பெட்டி. அதிலிருந்த இழைப்புளியின் கட்டையை வேங்கை மரத்தில் அவரே செதுக்கியிருந்தார். கொட்டாப்புளி, புளியமரத்து வைரத்தில் செய்தது. உளிகள் பழைய லாரிப் பட்டையை வெட்டி, ஊர்க் கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கியவை. கடையில் வாங்கியது மூலைமட்டம் ஒன்றுதான்.

கருவியைத் தானே செய்துகொள்வது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. இழைப்புளியின் தகடு பொதுவாக 45 பாகைச் சாய்வில் உட்காரும். நார் பின்னிய கடின மரமென்றால் இன்னும் நிமிர்த்த வேண்டும்; இல்லாவிட்டால் மரம் பிய்ந்துகொண்டு வரும். உளியின் முனை கடினம் மிகுந்தால் உடையும், குறைந்தால் மடங்கும். காய்ச்சிக் குளிர்த்த இரும்பை மறுபடி சூடேற்றி, அது வைக்கோல் நிறத்துக்கு வரும் நொடியில் நிறுத்தத் தெரிய வேண்டும். இதில் கணிதம் இருக்கிறது, உலோகவியல் இருக்கிறது. ஆனாலும் இதை அறிவென்று நம் சமூகம் ஏற்றதில்லை. வாயால் ஓதுவது உயர்வு, கையால் செய்வது தாழ்வு என்று வைத்திருக்கிறது பார்ப்பனியம்.

இந்தப் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

அப்பாவிடம் சேரியிலிருந்து ஒருவர் பதினைந்து ஆண்டுகள் வேலைக்கு வந்தார். மரம் தூக்குவார், பெரிய ரம்பத்தில் மறுமுனையை இழுப்பார், உப்புத்தாள் தேய்ப்பார். உளியை மட்டும் அப்பா அவர் கையில் கொடுத்ததே இல்லை. எனக்கோ எட்டு வயதில், கேட்காமலே கிடைத்தது. என்னைவிட இருபது வயது மூத்த அவரை நான் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அவர் என்னை 'சின்ன ஆசாரி' என்பார்.

அப்பாவையும் திண்ணையோடு நிறுத்திய வீடுகள் உண்டு. தான் செய்துகொடுத்த கட்டிலில் உட்காராமல் நின்றபடி கூலி வாங்கியவர் அவர். அந்த அவமானம் தெரிந்தவர்தான் தனக்குக் கீழே ஒருவரை நிறுத்தினார். உழைப்பவர்களையே மேல் கீழாக அடுக்குவது சாதி என்பதை 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விளக்கினார். அதைப் படிப்பதற்கு முன்பே நான் பட்டறையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உறுத்தவில்லை.

அப்பா போன சில நாள் கழித்து அவர் வந்தார். பெட்டியைத் திறந்து இழைப்புளியை எடுத்தார். தகடு தளர்ந்திருந்தது. ஆப்பைச் செருகி இரண்டு தட்டு தட்டினார். ஒரு பலகைமேல் ஓட்டினார். சுருள் அறுபடாமல் வந்தது.

"எப்ப அண்ணே கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"பாத்துக்கிட்டேதான இருந்தேன் தம்பி."

அவரை நான் அண்ணன் என்று அழைத்தது அன்றுதான் முதல்முறை.

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்தார். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், கருவி வாங்க 15,000 ரூபாய், குறைந்தபட்ச வயது 18. குரு-சிஷ்ய மரபையும் குடும்பவழித் தொழிலையும் வலுப்படுத்துவதே நோக்கம் என்று அரசே சொன்னது. கல்லூரிக்குப் போகிற வயதில் அப்பன் தொழிலுக்கு அழைப்பு! தமிழ்நாடு அரசு அதை ஏற்க மறுத்து, 25 தொழில்களுக்கு, 35 வயதைக் கடந்தவர்களுக்கு, குடும்பத் தொழில் என்ன என்று கேட்காத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சரியான முடிவு.

ஆனால் எதிர்ப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. 'குலத்தொழில்' என்ற சொல்லைக் கேட்டதும் தோழர்கள் சிலர் கைத்திறனையும் சேர்த்தே தூக்கி எறிகிறார்கள். தள்ள வேண்டியது குலத்தை. தொழிலை ஏன் தள்ள வேண்டும்? ஈரம் பட்டால் உப்பிப்போகிற மரத்தூள் பலகை அலமாரிகளை வாங்கி வாங்கிக் குப்பையில் போடுகிறோம். மூன்று தலைமுறை கண்ட தேக்குக் கதவைப் பழுதுபார்க்க ஆள் கிடைப்பதில்லை. அந்தத் திறமை அழிந்தால் சாதி அழிந்துவிடாது. அது இன்னொரு வேலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஐடிஐயில் தச்சர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. அங்கே இடஒதுக்கீடு உண்டு. உன் அப்பா என்ன தொழில் என்று கேட்டு இடம் தருவதில்லை. ஒரு சாதியின் வீட்டுக்குள் பூட்டிவைத்திருந்ததைப் பொதுவில் வைக்கும் வழி அதுதான். தச்சர் மகள் மருத்துவம் படிக்கட்டும். மருத்துவர் மகன் உளி பிடிக்கட்டும். சேரிப் பிள்ளை எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும்.

பெட்டியை எடுத்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொன்னேன். "சும்மா வேணாம் தம்பி, வெலையச் சொல்லு" என்றார். அது தானமாகிவிடக் கூடாது என்பது எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. விலை பேசினோம், பணம் கொடுத்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் நான்கு பேர் கற்கிறோம். இருவர் பெண்கள். முதல் பாடம், சாணைக்கல்லில் உளி தீட்டுவது. எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.