ஹீட்டர், மின்விசிறியன்று



நம் நாட்டில் ‘ஹீட்டர்’ என்றவுடன் குளியலறைச் சுவரில் தொங்கும் வெந்நீர்ப் பெட்டிதான் நினைவுக்கு வரும். அறையைச் சூடாக்கும் ஹீட்டரை நம்மில் பெரும்பாலோர் கண்ணால் கண்டதில்லை. கேமரன் மலையில் இரண்டு இரவு தங்கி, பதினைந்து பதினாறு பாகைக் குளிரில் கம்பளிக்குள் சுருண்டுவிட்டு வந்தாலே ஓராண்டுக்கு அதைப் பேசிக்கொண்டிருப்பவர்கள் நாம். அப்படியிருக்க, மலேசியத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன் ஒருவன் படுக்கையறை ஹீட்டரைப் பற்றி எழுதுவானேன் என்று நீங்கள் கேட்கலாம்.

காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் குளிர்நாடுகளுக்குப் படிக்கப் போகிறார்கள். இங்கிலாந்து, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று ஆண்டுதோறும் யாராவது ஒரு பழைய மாணவர் விடைபெற்றுக்கொள்ள வருகிறார். நாமும் வாழ்த்தி அனுப்புகிறோம். இட்லிப் பொடி, ஊறுகாய், சோற்றுப் பானை, கம்பளிச் சட்டை எல்லாம் பெட்டியில் ஏறிவிடுகின்றன. குளிர்கால இரவில் அறையில் எப்படித் தூங்குவது என்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை. சொல்ல நமக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தமிழ்ப்பள்ளியில் என்னிடம் படித்த மாணவி ஒருத்திக்கு வட இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து பணம் போட்டுச் சில பொருள்கள் வாங்கிக் கொடுத்தோம். என் பங்குக்கு நான் ஓர் எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கினேன். நான்கு துளை, ஐந்து மீட்டர் நீளம். “அங்கேயும் நம் ஊரைப் போல மூன்று கால் பிளக்தான், வசதியாக இருக்கும்” என்று பெருமையாகச் சொல்லியும் கொடுத்தேன்.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் புலனத்தில் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. அந்த எக்ஸ்டென்ஷனின் வெள்ளைப் பெட்டி பழுப்பாகிக் கிடந்தது. ஒரு துளை உருகி வாய் பிளந்திருந்தது. நான்கு பேருடன் ஒரு பழைய வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வீட்டுச் சூடேற்றி இரவு பத்து மணிக்கு நின்றுவிடுமாம். ஆகவே 2000 வாட் ஹீட்டர் ஒன்றை மலிவு விலையில் வாங்கி, என் எக்ஸ்டென்ஷனில் செருகி, மிஞ்சிய வயரைச் சுருட்டிக் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தூங்கியிருக்கிறாள். விடியற்காலை மூன்று மணிக்குக் கருவாடு சுடுவதுபோல் ஒரு வாடை. கீழே யாரோ மீன் சமைக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாளாம். மின்பொருள்களின் நெகிழி சூடேறிக் கருகும்போது மீன் வாடை வருவதுண்டு என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. நல்லவேளையாக எழுந்து பார்த்தாள்.

படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தது இதுதான்: “சார், நீங்க கொடுத்த வயர் கெட்டுப் போச்சு. மன்னிச்சிடுங்க சார்.”

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? அன்று பள்ளியில் எந்தப் பாடத்தையும் என்னால் ஒழுங்காக நடத்த முடியவில்லை.

அவள் கெட்டிக்காரி. கவனக்குறைவானவள் அல்லள். பின் ஏன் அப்படிச் செய்தாள்? நெடுநாள் யோசித்தபின் எனக்குத் தோன்றிய விடை இது. நம் பிள்ளைகள் பிறந்த நாள் முதல், ஏதாவது ஒரு கருவி ஓடிக்கொண்டிருக்கும் அறையில்தான் தூங்குகிறார்கள். மின்விசிறி சுழலாத இரவு நம் வீட்டில் ஏது? மின்சாரம் தடைப்பட்டு விசிறி நின்றால் குழந்தை விழித்துக்கொண்டு அழும். ஆகவே, கருவியைத் தட்டிவிட்டுப் படுப்பது நமக்கு மூச்சுவிடுவதைப் போன்ற பழக்கம். அந்தப் பழக்கத்தோடுதான் பிள்ளை குளிர்நாட்டுக்குப் போகிறது. அங்கே விசிறி இருந்த இடத்தில் ஹீட்டரை வைத்து, அதே கையால் தட்டிவிட்டு, அதே நிம்மதியோடு தூங்கிவிடுகிறது.

ஆனால், ஹீட்டர் மின்விசிறியன்று. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் வீட்டுக் கூரை விசிறி ஏறத்தாழ 70 வாட். ஹீட்டர் 2000 வாட். அதாவது, ஓர் அறையில் இருபத்தெட்டு விசிறிகளை ஒரே துளையில் மாட்டி ஓட்டுவதற்குச் சமம். 230 வோல்ட்டில் விசிறி இழுக்கும் மின்னோட்டம் சுமார் 0.3 ஆம்பியர், ஹீட்டர் இழுப்பது 8.7 ஆம்பியர். இதோடு முடியவில்லை. வயரிலும் இணைப்பிலும் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. இருபத்தெட்டு மடங்கானால்? ஏறத்தாழ எண்ணூறு மடங்கு! துளைக்குள் இருக்கும் பித்தளைத் தகடு சற்றே தளர்ந்திருந்தால், விசிறிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஹீட்டருக்கோ அந்த இடமே அடுப்பாகிவிடும். வயரைச் சுருட்டி வைத்தால் பிறந்த வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே திரளும். விசிறிக்குப் பத்தாண்டு உழைத்த எக்ஸ்டென்ஷன் ஹீட்டருக்குப் பத்து நாள் தாங்காமல் போவது இதனால்தான்.

“பிளக்கில் பியூஸ் இருக்கிறதே, ஆபத்து வந்தால் அது போய்விடாதா?” என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 13 ஆம்பியர் பியூஸ் 13 ஆம்பியரைத் தாண்டியவுடன் உருகிவிடுவதில்லை. 20 ஆம்பியர் வரையிலும்கூட வெகுநேரம் தாங்கிக்கொண்டிருக்கும். என் மாணவியின் அறையிலோ ஓடியது 8.7 ஆம்பியர்தான். பியூஸின் கண்ணுக்கு அங்கே தவறே நடக்கவில்லை. தளர்ந்த இணைப்பின் சூட்டை அது அறியாது.

நெருப்பு எப்படித் தொடங்குகிறது என்பது ஒரு பாதி. அது எப்படிப் பரவுகிறது என்பது மறு பாதி. 2022ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், பத்தொன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் நடந்ததை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். ஒரு படுக்கையறையில் நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த ஹீட்டரிலிருந்து தீ மூண்டது. பதினேழு பேர் மாண்டனர். அவர்களுள் எட்டுப் பேர் குழந்தைகள். அவர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர். நம்மைப் போலவே வெப்பநாட்டு மக்கள்.

அந்தச் செய்தியில் என்னை உலுக்கியது வேறொன்று. தீ கட்டடம் முழுவதும் பரவவில்லை. அந்த ஒரு வீட்டையும் அதன் வெளி நடையையும் தாண்டவில்லை. கொன்றது புகை. வீட்டார் உயிர் தப்பி ஓடியபோது தானே சாத்திக்கொள்ள வேண்டிய வாயிற்கதவு சாத்தவில்லை. மேலே படிக்கட்டுக் கதவு ஒன்றும் திறந்தே இருந்தது. புகை படிக்கட்டு வழியாக மேல்மாடிகளுக்கு ஏறியது. பிழைத்துவிடலாம் என்று இறங்கி வந்தவர்கள் படிக்கட்டிலேயே புகையில் சிக்கினர். சாத்தாத ஒரு கதவு, எத்தனை உயிர்கள்! படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள் என்று தீயணைப்புத் துறையினர் சொல்வது இதனால்தான். நடுக்கூடத்தில் தீப்பிடித்தாலும், மூடிய மரக்கதவு புகையைத் தடுத்துச் சில நிமிடங்களைப் பெற்றுத் தரும். காற்றோட்டத்துக்காகக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிப் பழகிய நமக்கு இதுவும் புதிய பாடம்.

அப்படியானால் ஹீட்டரே கூடாதா? அப்படிச் சொல்ல நான் யார்? உறைபனியில் பிள்ளை நடுங்கிக்கொண்டு படிக்க வேண்டும் என்று எந்த ஆசிரியனும் சொல்லமாட்டான். படுக்கப் போவதற்கு அரைமணி நேரம் முன்பு ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்கட்டும். கட்டிலில் ஏறும்போது அணைத்து, பிளக்கையும் கழற்றிவிடட்டும். பிறகு காலுறையும் கம்பளியும் போதும். அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது எளிது, செலவும் குறைவு. 2000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் எட்டு மணி நேரம் ஓடினால் பதினாறு யூனிட் மின்சாரம். உயிருக்கு அஞ்சாத பிள்ளைகள்கூட மின்கட்டணத்துக்கு அஞ்சுவார்கள். அந்த வழியிலும் சொல்லிப் பாருங்கள்.

வாங்கும்போது, செந்தணலாய் ஒளிரும் கம்பிகளைக் கொண்ட வகையைவிட, உள்ளே எண்ணெய் நிரப்பிய வகையை நான் பரிந்துரைப்பேன். அதில் கனலும் கம்பி வெளியே இல்லை. அணைத்தபின்னும் சிறிது நேரம் வெதுவெதுப்பு நிற்கும். படுப்பதற்கு முன் அணைப்பவர்களுக்கு ஏற்றது அதுதான். கவிழ்ந்தால் தானே அணையும் அமைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த வகையானாலும் நேராகச் சுவரிலுள்ள பிளக் பாயிண்டில்தான் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் கூடவே கூடாது. நான் வாங்கிக் கொடுத்தது போன்றது அறவே கூடாது. கட்டில், திரைச்சீலை, துணிக்கூடை, புத்தகக் கட்டு எல்லாவற்றிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மாணவர் அறைகள் எவ்வளவு சிறியவை என்பது எனக்குத் தெரியும். ஒரு மீட்டர் இடமில்லாத அறையில் ஹீட்டருக்கும் இடமில்லை என்றே பொருள். ஈரத் துணியை அதன்மேல் காயப்போடுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் போடுகிறார்கள்!

பல பல்கலைக்கழக விடுதிகளில் சொந்த ஹீட்டருக்கு அனுமதியில்லை. அனுமதியில்லாத பொருளைப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அலமாரிக்குள்ளும் கட்டிலுக்கடியிலும் ஒளித்து வைப்பார்கள். சில வேளைகளில் சூடு தணியுமுன்பே.

நம்மவர்களுக்கே உரிய ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அலறுகிறது. வீட்டிலுள்ள மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். உடனே நம் பிள்ளை என்ன செய்கிறது? நாற்காலிமேல் ஏறி அந்த மணியை நெகிழிப் பையால் மூடிவிடுகிறது, அல்லது மின்கலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. சாப்பிட்டபின் மீண்டும் மாட்ட மறந்துவிடுகிறது. இங்கிலாந்தில் வாடகை வீடுகளில் குடியிருக்கும் ஒவ்வொரு தளத்திலும் புகை மணி இருக்க வேண்டும் என்பது 2015 அக்டோபர் முதல் சட்டம். சட்டம் மாட்டி வைத்ததைச் சாம்பாருக்காக நாம் கழற்றிவிடுகிறோம். தாளிக்கும்போது சன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டால் தீர்ந்தது.

எரிவாயுவிலோ கரியிலோ இயங்கும் கணப்பு, தனி ஆபத்து. அதில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சுக்காற்றின் உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அது நம் குருதியில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழ முடியாமலே போகலாம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பனிப்புயலால் மின்சாரம் தடைப்பட்டபோது, வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டியும், வீட்டை ஒட்டி மின்னாக்கியை ஓடவிட்டும் இந்த நச்சுக்காற்றால் மாண்டவர்கள் உண்டு. குளிருக்குப் பழகாத ஊர் அது. எரிவாயுக் கணப்பு உள்ள வீட்டில் இந்தக் காற்றைக் கண்டறியும் மணி இருக்கிறதா என்று கேட்காமல் பிள்ளை வாடகைக்குப் போகக் கூடாது.

ஆசிரிய நண்பர்களே, இனி நம் வகுப்பறைக்கு வருவோம். மின்சாரப் பாதுகாப்பை நாம் கற்பிக்காமலில்லை. ஈரக் கையால் தொடாதே, ஒரே துளையில் பல பிளக்குகளைச் செருகாதே என்று சுவரொட்டி வரையச் சொல்கிறோம். மாணவர்களும் அழகாக வரைந்து வண்ணம் தீட்டிப் பரிசு பெறுகிறார்கள். ஆனால் ‘ஏன்’ என்று கேட்டால்? கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைத் திருப்பி வாட் எண்ணைப் படிக்க எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த எண்ணை வோல்ட்டால் வகுத்து ஆம்பியரைக் காண்பது தொடக்கப்பள்ளிக் கணக்குத்தான். பாடநூலில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டிலுள்ள ஐந்து கருவிகளின் வாட் எண்ணை எழுதி வரச் சொல்லலாம். சென்ற ஆண்டு என் வகுப்பில் இதைச் செய்தேன். துணி தேய்க்கும் பெட்டியையும் சோற்றுப் பானையையும் கேத்தலையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டியிருந்த வீடுகள் எத்தனை என்று கேட்டபோது, கை தூக்காத பிள்ளைகளை எண்ணுவதுதான் எளிதாக இருந்தது.

பெற்றோர்களுக்கு ஒன்று. வாரந்தோறும் தொலைபேசியில் “சாப்பிட்டியா? குளிருதா?” என்று கேட்கிறீர்கள். “குளிரவில்லை அம்மா, ஹீட்டர் இருக்கிறது” என்று பிள்ளை சொன்னவுடன் மனம் நிறைந்துவிடுகிறது. அங்கே நிறுத்தாதீர்கள். படக்கருவியைத் திருப்பச் சொல்லி ஹீட்டர் எங்கே நிற்கிறது, எதில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். கூரையிலுள்ள மணியையும் காட்டச் சொல்லுங்கள். பிள்ளை எரிச்சல்படும். படட்டும்.

என் மாணவி படிப்பை முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்துவிட்டாள். இப்போதும் குளிர்காலம் தொடங்கினால் நான் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதுண்டு. சென்ற நவம்பரில் நான் அனுப்புவதற்குள் அவளிடமிருந்தே வந்துவிட்டது: “சுவர்ல நேரா மாட்டியிருக்கேன் சார். தூங்கறப்போ கழட்டிடுவேன். கதவும் சாத்தியாச்சு.”