பந்து மைதானத்துக்கும் பட்டா நிலத்துக்கும் என்ன சம்பந்தம்?



எங்கோ சீமையில் கால்பந்து மைதானம் கட்டினால் விவசாய சங்கத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். நிலத்தை எடுக்கிற வேலை எங்கே நடந்தாலும் அது நம்ம விஷயம்தான்.

லண்டனில் டோட்டன்ஹாம் என்று ஒரு பணக்காரக் கிளப். 2012-ல் நகரத்தின் வடக்கு ஓரத்தில் பெரிய பயிற்சி மையம் திறந்தது. அடுத்து, சுமார் 36,000 பேர் உட்காரும் பழைய மைதானம் போதாது, 60,000 பேருக்கு மேல் உட்கார இடம் வேண்டும் என்றது. சுற்றியிருந்த இடங்களை ஒவ்வொன்றாக வாங்கியது. கடைசியில் ஒரு தகரப் பட்டறைக் குடும்பம் மட்டும் விற்க ஒத்துக்கொள்ளாமல் நின்றது.

கிளப் தனியார் கம்பெனி. ஆனா இடத்தைப் பிடுங்க வந்தது உள்ளூர் கவுன்சில்! வேலை வரும், வீடு வரும், ஏரியா முன்னேறும், ஆகவே இது பொது நலன் என்றார்கள். 2014-ல் மந்திரி கட்டாயமாக எடுக்க ஒப்புதல் கொடுத்தார். குடும்பம் கோர்ட்டுக்குப் போனது. 2015 பிப்ரவரியில் தோற்று, இடத்தைக் காலி செய்தது. 2019 ஏப்ரலில் அங்கே பந்து உருண்டது.

அதே லண்டனில் இன்னொரு கதையும் உண்டு. மில்வால் என்பது உழைப்பாளி ஜனங்களின் கிளப். அதன் மைதானத்தைச் சுற்றி கிளப்புக்குக் குத்தகையாக இருந்த இடத்தைப் பிடுங்கி வீடு கட்டும் கம்பெனிக்குக் கொடுக்க, 2016-ல் இன்னொரு கவுன்சில் முடிவு செய்தது. இங்கேயும் அதே பாட்டுத்தான்: பொது நலன்! ஆனா இந்தத் தடவை ரசிகர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். பத்திரிகைகள் கேள்வி கேட்டன. 2017 ஜனவரியில் கவுன்சில் பின்வாங்கியது.

ஒரு குடும்பம் தனியாக நின்றது, தோற்றது. ஊரே சேர்ந்து நின்றது, இடம் தப்பியது. இதுதான் நமக்குப் பாடம்.

வெள்ளைக்காரன் 1894-ல் நமக்குப் போட்ட நில எடுப்புச் சட்டத்திலும் 'பொது நோக்கம்' என்ற வார்த்தைதான் மூலக்கயிறு. அதற்குப் பதிலாக வந்த 2013 சட்டத்தின் பொது நோக்கப் பட்டியலில் விளையாட்டுத் திட்டமும் இருக்கிறது. படித்துப் பாருங்கள்! தனியார் கம்பெனிக்கு எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனா தமிழ்நாட்டில் 1997 தொழில்துறை நில எடுப்புச் சட்டத்தின் கீழ் எடுத்தால் அந்தச் சம்மதம் தேவையில்லை. இந்த ஓட்டையை 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் செல்லும் என்று சொல்லிவிட்டது.

விளையாட்டுக்கு நாம் விரோதி இல்லை. அறுவடை முடிந்த வயலில் பந்து உதைப்பது நம்ம பிள்ளைகள்தானே! ஆனா டிக்கெட் காசு ஒருத்தன் பெட்டிக்குப் போகிற இடத்தில், பொது எது, தனியார் எது என்று கேட்கிற உரிமை நமக்கு வேண்டும்.

நாம் கேட்பது இதுதான்:

மாநிலச் சட்டங்களிலும் 80 சதவீத சம்மதம் வேண்டும்.

எது பொது நோக்கம் என்று கிராம சபையில் வைத்துப் பேச வேண்டும்.

நமக்கு நாமே சொல்லிக்கொள்வது ஒன்று: புரோக்கர் வீடு தேடி வந்து ரகசியமாக விலை பேசினால், "சங்கத்தில் பேசிட்டுச் சொல்றோம்" என்று சொல்லி அனுப்புங்கள். தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒருத்தர் போடும் கையெழுத்து பக்கத்து வயல்காரரையும் தனியாளாக்கிவிடும்.

கூடி நிற்போம்! நிலம் காப்போம்!